கொடி இறங்கும் வரை

சேசு மரி சூசை
கொச்சி, 14-8-1957

அன்புள்ள அக்கா அல்போன்சாவுக்கு, தம்பி கிறிஸ்துராஜ் எழுதிக்கொள்வது. நான் சுகம். அங்கே அப்பா, அம்மா, நீ மூவரும் சுகமாயிருக்க தேவமாதாவை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா, இல்லை இன்னும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் பூசைக்குப் போகிறீர்களா?

கப்பலில் சேர்ந்துவிட்டேன். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதினாலும் அம்மா வாயில் நுழையாது, அதனால் நஷ்டமில்லை. ஒரு கப்பலைத் தனியாக நடத்துவது எப்படி என்று இதுவரை படித்தோம். இனிமேல்தான் உண்மையான படிப்பு. போர்க்கப்பல் தனியாகப் போவது குறைவு அக்கா. நாலைந்து சேர்ந்து, சொன்ன தூரம் விட்டு, ஒரே வேகத்தில் போக வேண்டும். கடலில் பிரேக் கிடையாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் கப்பல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தலைமைக் கப்பல் கயிற்றில் கொடிகளை ஏற்றி உத்தரவு சொல்லும். பார்த்ததும் நாங்களும் அதே கொடிகளைப் பாதி உயரத்துக்கு ஏற்றுவோம். பார்த்துவிட்டோம் என்று அர்த்தம். உத்தரவு புரிந்ததும் உச்சிக்கு ஏற்றுவோம். எல்லாக் கப்பலிலும் கொடி உச்சிக்கு வந்த பிறகு தலைமைக் கப்பல் தன் கொடியைச் சடாரென்று இறக்கும். அந்த நொடியில்தான் எல்லோரும் சேர்ந்து திரும்ப வேண்டும். பார்க்க அத்தனை அழகாயிருக்கிறது.

கப்பலை நடத்தும் உச்சித் தளத்துக்குப் பிரிட்ஜ் என்று பெயர். ‘நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இவன் கப்பலைக் கூட்டத்தோடு நடத்துவான்’ என்று கேப்டன் கையெழுத்துப் போட்டுத் தரும் சர்டிபிகேட்டுக்குத்தான் இந்தப் பாடெல்லாம். அப்பா வைத்த கெடு மறக்கவில்லை. ஈஸ்டருக்குள் வாங்கிவிடுவேன். வாங்காவிட்டால் தோல் மண்டியில் அவர் பக்கத்தில் வந்து உட்காருவேன் என்று கொடுத்த வாக்கிலும் மாற்றமில்லை.

உன் தம்பி,
கிறிஸ்துராஜ்

சேசு மரி சூசை
திண்டுக்கல், 25-8-1957

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி நடக்கிறது. தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை. குடத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவனைக் கடவுள் கடலில் கொண்டுபோய் விட்டாரே என்று அம்மா உன்னை நினைக்கும்போதெல்லாம் சிரிக்கிறாள், பிறகு அழுகிறாள்.

உன் கடிதத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் சத்தமாகப் படித்தேன். அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனாலும் வாத்தியாரம்மா வாயால் கேட்டால்தான் அவருக்குக் கடிதம் கடிதமாக இருக்கிறதாம். கொடி விஷயத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார்.

“கொடி எறங்குற வரைக்கும் என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்? என்ன வேலைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, உடனே செய்ய வேண்டியதுதானே?”

கடற்படையைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொன்னேன். மறுநாள் மண்டிக்கு அப்பாவின் சிநேகிதர் நூர் அகமது மாமா வந்திருந்தபோது உன் பெருமைதான். என் மகனை ஏவ வேண்டியதில்லை, நான் எழுந்திருக்கலாமா என்று நினைக்கும்போதே செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிடுவான், அப்பேர்ப்பட்டவன் கப்பலில் நிலைக்காமல் போவானா என்று பேசியிருக்கிறார். தொண்டையைச் செருமினால் தண்ணீர்ச் செம்பு, காதைத் தடவினால் பென்சில். நீ செய்த சேவகத்தால் நாங்கள் இன்னும் திட்டு வாங்குகிறோம் என்பது உனக்குத் தெரியுமா?

உன்னைப் பற்றி இம்புட்டுப் பேசுகிறவர், கல்லாவுக்குப் பக்கத்தில் உனக்கென்று போட்ட நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. கருப்பணன் பத்து வருஷமாகத் தோல் தரம் பிரிக்கிறார், அவரும் நின்றுகொண்டேதான் பேசுகிறார். ஒரு கண் உன் கப்பலில், ஒரு கண் அந்த நாற்காலியில். அதனால் கெடு கெடுதான். ஒழுங்காகப் படி.

அன்புடன் அக்கா,
அல்போன்சா

கொச்சி, 20-9-1957

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். சிறுமலைப் பழம் கிடைத்தது. பாதி கறுத்திருந்தாலும் ஒன்றையும் விடவில்லை.

இரண்டு வாரமாக வரிசையில் போகப் பழகுகிறோம். முன்னால் போகும் கப்பலின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு, தூரம் கூடினால் எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, குறைந்தால் கொஞ்சம் இறக்கி, நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். முதல் நாள் நான் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கீழே எஞ்சின் அறையில் இருந்தவர்கள் என் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார்களாம். இப்போது கை படிந்துவிட்டது.

கேப்டன் அதிகம் பேச மாட்டார். நேற்று என்னைப் பார்த்து, நீ சுறுசுறுப்பானவன் என்றார். இதை மட்டும் அப்பாவுக்குச் சத்தமாகப் படி. அடுத்த வாரம் நான்கு கப்பலும் பக்கம் பக்கமாகப் போகும் பயிற்சி. ஒரே சமயத்தில் நான்கும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதில் முதல் முறையாகச் சுக்கான் உத்தரவு கொடுக்கப் போவது நான்தான். வேண்டிக்கொள்.

கிறிஸ்துராஜ்

சேசு மரி சூசை
திண்டுக்கல், 10-11-1957

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் எனக்குக் கோபம் முதலில் வருகிறது. அக்டோபரில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு எழுதிய கார்டுக்கும் இல்லை. அடுத்த வாரம் நான்கு கப்பலும் சேர்ந்து திரும்பும் என்று எழுதினாயே, திரும்பிய கப்பல்கள் எங்கே போயின?

தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிக்கிறார். அவர் என்ன செய்வார் பாவம். அம்மா தினம் ஜெபமாலை முடித்து உனக்கென்று தனியாக இன்னும் பத்து மணி உருட்டுகிறாள். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குத் தெருமுனைக்கு வெற்றிலை வாங்கப் போகிறார், அவ்வளவுதான். வெற்றிலை போடும் பழக்கம் அவருக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. மீதித் திட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அல்போன்சா

கொச்சி, 24-11-1957

அன்புள்ள அக்காவுக்கு, நான் நல்ல சுகம். வேலை அதிகமாக இருந்ததால் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இங்கே நல்ல மழை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மீன் தினமும் உண்டு. தேங்காய் எண்ணெய்ச் சமையல் பழகிவிட்டது. சோற்றுக்கு அம்மா வைக்கும் வெஞ்சனத்துக்குத்தான் நாக்கு ஏங்குகிறது. ஒரு நாள் லீவில் கரைக்குப் போய்க் கோவிலில் பூசை பார்த்தேன், மலையாளத்தில் பாட்டு. இப்போது கடல் வரைபடங்களைத் திருத்தும் வேலை பார்க்கிறேன். அதுவும் முக்கியமான வேலைதான். கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை. அம்மாவை முழங்காலுக்குத் தைலம் போடச் சொல்லவும்.

கிறிஸ்துராஜ்

சேசு மரி சூசை
திண்டுக்கல், 2-12-1957

அன்புத் தம்பிக்கு,

உயிரோடு இருப்பதற்கு ஆண்டவருக்குத் தோத்திரம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, மழை, மீன், எண்ணெய் என்று பக்கத்தை நிரப்புவார்கள். பிரிட்ஜ் என்ற வார்த்தை உன் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. ‘அதுவும் முக்கியமான வேலைதான்’ என்கிறாயே, யாருக்கு ஆறுதல் சொல்கிறாய்? உன்னைப் பிரிட்ஜிலிருந்து இறக்கிவிட்டார்கள். அப்படித்தானே?

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு எப்படிப் படிக்க? மழையையும் மீனையும் படித்துவிட்டு, நடுவில் நானாகப் பத்து வரி சேர்த்தேன். நான்கு கப்பலும் சேர்ந்து திரும்பியது, கேப்டன் கை கொடுத்தார் என்று. அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து கடிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அதை இன்னொருக்கா படி” என்றார். முதல் தடவை சொன்னது எனக்கே ஞாபகமில்லை, வேறு மாதிரிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றபோது நான் பீடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

என்ன நடந்தது என்று உள்ளபடி எழுது. வீட்டுக்கு வேண்டாம், பள்ளிக்கூட முகவரிக்கு எழுது. நீ தோற்றிருந்தாலும் என் தம்பிதான். மூடி மறைத்தால்தான் பொறுக்க முடியவில்லை.

அக்கா

சேசு மரி சூசை
கொச்சி, 15-12-1957

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டது சரி. எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் நான்கு கப்பலும் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் கப்பல் இடது ஓரம். எங்களுக்கு வலப்பக்கத்தில் இன்னொன்று, அதில் ஆட்கள் நடமாடுவது தெரியும் தூரம். தலைமைக் கப்பலில் கொடி ஏறியது. எல்லோரும் சேர்ந்து வலப்பக்கம் திரும்பு என்று உத்தரவு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கொடிப் புத்தகத்தைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எங்கள் கொடி உச்சிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே சுக்கானைத் திருப்பச் சொல்லிவிட்டேன்.

தலைமைக் கப்பலின் கொடி இறங்கவில்லை. மற்ற மூன்றும் நேராகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மட்டும் பக்கத்துக் கப்பலின் விலாவைப் பார்த்துப் போனோம். கேப்டன் என்னைத் தள்ளிவிட்டு, சுக்கானை மறுபக்கம் ஒடித்து, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார். அந்தக் கப்பலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவன் கையில் சட்டையோடு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகம் தெரியும் அளவுக்குக் கிட்டே போய்விட்டு விலகினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கேப்டன் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. கொடி இறங்கவில்லையே, ஏன் திருப்பினாய் என்று கேட்டார். உத்தரவு என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது சார் என்றேன்.

“உனக்குத் தெரிந்தது. மற்ற மூன்று பேருக்கும் தெரிந்ததா என்று பார்த்தாயா?”

பார்க்கவில்லை சார் என்றேன். சொல்லும் முன்பே செய்யும்படி உனக்கு யார் பழக்கினார்கள் என்று கேட்டார். என் அப்பா சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் அப்பாவுக்கு ஒரு மகன்தான் இருந்திருப்பான், எனக்குப் பக்கத்தில் மூன்று கப்பல் இருக்கிறது என்றார். அன்றிலிருந்து நான் பிரிட்ஜுக்குப் போகவில்லை. மறுபடி கூப்பிடுவார்களா என்று தெரியாது. கூப்பிடாவிட்டால் ஈஸ்டருக்கு மண்டி நாற்காலிதான்.

அக்கா, நான் சோம்பேறியாக இருந்து தப்புச் செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது. வீட்டில் எதற்காக என்னைக் கொண்டாடினீர்களோ அதையே செய்தேன்.

தம்பி

சேசு மரி சூசை
திண்டுக்கல், 2-1-1958

அன்புத் தம்பிக்கு, புது வருஷ ஆசீர்வாதம். எல்லோரும் சுகம், சுகம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் புத்தியை என்ன சொல்ல! பள்ளிக்கூட முகவரிக்கு எழுது என்றேனே, கிறிஸ்துமஸ் லீவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் என்று யோசித்தேனா? தபால்காரர் நல்ல மனுஷர், வாத்தியாரம்மா வீடு தெரியும் என்று நம் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார். தெருமுனையில் அப்பா நின்றிருந்தார். வாங்கினார், அங்கேயே பிரித்தார். என் பெயருக்கு வந்த கடிதத்தை நான் வரும்வரை வைத்திருப்போம் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை பார். நீ யார் பிள்ளை என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது கடிதம் அவர் மடியில் இருந்தது. நான் சேர்த்துப் படித்த கதையெல்லாம் பொய் என்று தெரிந்துபோனது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அந்தப் பக்கத்துக் கப்பல்ல எத்தன பேரு இருப்பாங்க?”

இருநூறு பேராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன் என்றேன்.

“எரநூறு வீடு” என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல மண்டிக்குப் போனார். ஒரு வாரமாகிறது, உன்னைப் பற்றியோ கெடுவைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது தொண்டையைச் செருமினார். நான் செம்பை எடுக்க எழுந்தேன். உட்காரு, கேட்டால் கொடு என்றார். இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, வேறு என்னவென்று எடுத்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

மனதை விட்டுவிடாதே ராசா. நீ செய்தது பெரிய தப்பு. ஆனால் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று உன் வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாய். நிறையப் பேர் சாகும்வரை கண்டுபிடிப்பதில்லை.

அக்கா

கொச்சி, 16-2-1958

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். அம்மாவுக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா?

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கம். அப்பா அந்த இருநூறு வீட்டை நினைத்தார் என்று படித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் எனக்குள் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

நல்ல செய்தி ஒன்று. மறுநாளே நானே கேப்டனிடம் போய், என்னை மறுபடி பிரிட்ஜில் நிறுத்துங்கள் என்று கேட்டேன். கேட்டதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை. உத்தரவு கொடுக்காதே, மூன்று வாரம் சும்மா நின்று மற்ற கப்பல்களின் கொடிகளை மட்டும் பார்த்துச் சொல் என்றார். சும்மா நிற்பது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது அக்கா. கை தானாகப் போகிறது, வாய் தானாகத் திறக்கிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். மூன்று கப்பலிலும் கொடி உச்சிக்கு வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்க்கிறேன். சாப்பாட்டு மேஜையில்கூட, பக்கத்தில் இருப்பவன் உப்பைப் பார்த்தாலே எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். கேட்டால்தான் கொடுக்கிறேன். கர்வம் பிடித்தவன் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

அடுத்த மாதம் பல கப்பல்கள் சேர்ந்து பெரிய பயிற்சி. அதில்தான் என்னைச் சோதிப்பார்கள். அத்தோடு முடிவு தெரிந்துவிடும். அப்பா நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறாரா? உண்மையைச் சொல்.

கிறிஸ்துராஜ்

சேசு மரி சூசை
கொச்சி, 22-3-1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அம்மாவுக்குச் சுகமில்லையா? அப்பா எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா? எதுவானாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் பெரிய பயிற்சியில் எங்கள் நான்கு கப்பலுக்கும் பழைய பாடம்தான் கொடுத்தார்கள், பக்கம் பக்கமாக. எங்கள் கப்பல் மறுபடி இடது ஓரம். நான் உத்தரவு கொடுக்கும் முறை. கொடி ஏறியது, சேர்ந்து வலப்பக்கம் திரும்பு. எனக்குப் புரிந்தது. எங்கள் கொடி உச்சிக்குப் போனது. பக்கத்துக் கப்பலிலும், தலைமைக் கப்பலிலும் உச்சியில் இருந்தது. வலது ஓரக் கப்பலில் மட்டும் பாதியிலேயே நின்றது.

எதிரே மீன்பிடி வள்ளங்கள் தெரிந்தன. தூரத்தில்தான், ஆனால் நெருங்கிக்கொண்டிருந்தோம். சுக்கான் பிடிப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேப்டனும் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நின்றால் சோம்பேறி என்பார்கள், திரும்பினால் பழைய கதை. நான் அந்தப் பாதிக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறுடா, ஏறுடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசியில் அது ஏறியது. தலைமைக் கப்பலின் கொடி இறங்கியது. அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

நான்கும் சேர்ந்து திரும்பின அக்கா. நான்கின் பின்னாலும் நுரை ஒரே மாதிரி வளைந்தது.

அந்தக் கப்பலில் கொடிக் கயிறு சிக்கிக்கொண்டதாம். அதை அவிழ்க்கும் அவசரத்தில் உத்தரவைப் படித்தவன் இன்னும் யாரிடமும் சொல்லக்கூட இல்லையாம், பிறகு தெரிந்தது. சாயங்காலம் எல்லோரும் ஒரே வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ‘நான் தேநீர் குடிக்கப் போகிறேன். கப்பல் உன்னுடையது’ என்று படியிறங்கிக் கீழே போய்விட்டார். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார் அக்கா. முந்தாநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு முன்னால் வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல். அந்த நாற்காலியை என்ன செய்வது என்று இனி அவரே முடிவு செய்யட்டும்.

தம்பி
கிறிஸ்துராஜ்

சேசு மரி சூசை
திண்டுக்கல், 29-3-1958

என் அன்புத் தம்பிக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. அம்மா சுகம், அப்பா சுகம், நான் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருக்கிறேன். நாளை குருத்து ஞாயிறு. அம்மா உனக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறாள்.

இந்த முறை தபால்காரர் கடிதத்தை அப்பா கையில் கொடுத்தும் அவர் பிரிக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அதை வைத்துக்கொண்டு தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாராம், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். படித்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடித்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நூர் அகமது மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். செருப்பு போட மறந்துவிட்டார்.

இப்போது நான் ஏன் ஒரு மாதம் எழுதவில்லை என்று சொல்கிறேன். நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறாரா, உண்மையைச் சொல் என்று கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் சோதனைக்கு முன்னால் உன் மனம் உடைந்துவிடும் என்று பயந்தேன். உன் அப்பா உன்னைக் கைகழுவிவிட்டார் என்று நினைத்துவிடுவாய் என்று பயந்தேன். பொய்யும் எழுதப் பிடிக்கவில்லை.

தவக்காலம் ஆரம்பித்த வாரத்திலேயே அந்த நாற்காலியில் கருப்பணனை உட்கார வைத்துவிட்டார் அப்பா. சாவிக்கொத்தையும் கொடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மண்டிக்கே போய்க் கேட்டேன். அவனுக்குச் சோதனைகூட முடியவில்லையே அப்பா, ஈஸ்டர்வரை கெடு கொடுத்துவிட்டு அதற்குள் இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே, நாளைக்கு அவன் தோற்று வந்தால் எங்கே உட்காருவான் என்று கேட்டேன். கருப்பணன் சங்கடப்பட்டு எழுந்திருக்கப் போனார். அப்பா அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, ஊருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“தோத்தா அங்கேயே இருந்து இன்னொருக்கா படிக்கட்டும். இங்க எடம் இருக்குன்னு தெரிஞ்சா எந்திரிச்சு வந்துருவான் தாயி.”

லீவு எப்போது என்று எழுது. அம்மா கேட்கச் சொன்னாள்.

என்றும் உன் அக்கா,
அல்போன்சா